தற்போதைய நிலை தொடரவேண்டிய வான்கோழி

ஆர்வின் ட்வேட்டுக்கு எழுபத்தெட்டு வயதில் ஒரு சந்தேகம் வந்தது. கல்லாக உறைந்து கிடக்கும் வான்கோழியை ஐஸ் விடவைத்து ஓவனில் வைப்பதா, அப்படியே தூக்கி வைத்துவிடலாமா? சந்தேகம் யாருக்கும் வரலாம். ஆனால் அந்தச் சந்தேகத்துக்கென்றே அரசாங்கம் ஒரு வாரியம் நடத்துகிற மாநிலத்தில் அது வந்திருக்கவே கூடாது.

நான் பக்கத்து வீட்டு லைல். ஓய்வு பெறும்வரை வடக்கு டகோட்டா நெடுஞ்சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டியவன். அரசாங்கம் எப்படி வேலை செய்யும் என்று உள்ளேயிருந்தே பார்த்தவன் என்பதால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆர்வின் நேர்மாறு. எங்கள் ஊரில் ஒரே ஒரு போக்குவரத்து விளக்கு இருக்கிறது. பச்சை பழுதாகிச் சிவப்பிலேயே அது நின்றுபோன அன்று, மின்சாரக்காரர்கள் வந்து சேரும்வரை அதன் கீழேயே வண்டியை நிறுத்திக் காத்திருந்த மனிதர் அவர்.

அவர் மனைவி பெவர்லி வசந்தத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதுவரை ஓவனின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதுகூட ஆர்வினுக்குத் தெரியாது. கோடையில் ஒரு சூப்பைத் தீய்த்துச் சமையலறைச் சுவரைக் கறுப்பாக்கினார். அதிலிருந்து ஃபார்கோ நகரத்திலுள்ள மகள் டெனீஸுக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் அவள் சொன்னதை ஆர்வின் என்னிடம் அப்படியே ஒப்பித்தார்.

"அப்பா, இங்க ஒரு முதியோர் இல்லத்துல உங்களுக்கு ரூம் சொல்லி வெச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க. நன்றித் திருநாளுக்கு வர்றேன். நீங்களே தனியா ஒரு விருந்து சமைச்சுப் போடுங்க. போட்டுட்டீங்கன்னா உங்க வீட்லயே இருங்க, நான் வாயே திறக்க மாட்டேன். முடியலன்னா என்கூட கிளம்பிடணும். சரியா?"

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"சரின்னுட்டேன்."

அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? நவம்பர் வியாழக்கிழமையில் வரும் அந்தத் திருநாளுக்கு வான்கோழிதான் விருந்து என்பதால், சொன்ன கையோடு கடைக்குப் போய் ஒன்று வாங்கினார். எங்கள் பக்கத்தில் நவம்பர் வந்துவிட்டால் கராஜ்தான் இரண்டாவது ஃபிரிட்ஜ். பீர், உருளைக்கிழங்கு, சர்ச் விருந்தில் மிஞ்சிய ஜெல்லோ இனிப்பு, எல்லாம் அங்கேதான் இருக்கும். வான்கோழியையும் திருநாளுக்கு முந்தைய வாரமே கராஜில் வைத்தால் மெல்ல மெல்ல ஐஸ் விட்டு, சரியான நேரத்துக்குப் பதமாகிவிடும். பெவர்லி அப்படித்தான் செய்வாள். ஆர்வினும் அப்படியே வைத்தார். ஆனால் இந்த வருஷம் குளிர் முன்னாலேயே வந்து இறங்கிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. கராஜில் வைத்த பீர் வெடித்தது. வான்கோழி கடையிலிருந்து வந்தபோது கல்லாக இருந்தது, செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தபோது இன்னும் கெட்டிப்பட்ட கல்லாக இருந்தது.

அவர் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"லைல், வியாழக்கிழமை மத்தியானம் டெனீஸ் வருது. இது இப்படி இருக்கே."

"ஓவன்ல போட்டுத் தொலையேன்யா. கொஞ்சம் கூட நேரம் ஆகும், அவ்வளவுதானே!"

"அப்படிப் போடலாமா?"

"ஏன் போடக் கூடாது?"

அவர் வான்கோழியைத் திருப்பிக் காட்டினார். உறையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'ஐயமா? தாமாக எதுவும் செய்யாதீர். மாநில உறைந்த இறைச்சி ஆலோசனை வாரியத்தை அழையுங்கள்.'

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் என் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, எண்களை அழுத்த ஆரம்பித்துவிட்டார்.

முதலில் ஒரு இயந்திரக் குரல் வந்தது. உறைந்த இறைச்சி பற்றிய விசாரணை என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. வேறு விசாரணைக்கு எதை அழுத்துவது என்று அது சொல்லவில்லை. ஒன்றை அழுத்தியதும் போல்கா இசை வாசித்தது. என் மனைவி வெர்னா காப்பி போட்டு, நாங்கள் குடித்து முடித்து, அவள் கோப்பைகளைக் கழுவி வைக்கும்வரை வாசித்தது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"இளக்கல் பிரிவு. சொல்லுங்க."

ஆர்வின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டார். "அம்மா, வான்கோழியை ஐஸ் விடவெச்சு ஓவன்ல வைக்கணுமா, இல்ல அப்படியே வைக்கலாமா?"

"சார், ஐஸ் எப்படி விடவைக்கணும்னு கேளுங்க, சொல்றேன். விடவைக்கணுமா வேணாமாங்கறது நீங்க முடிவு பண்ணிட்டு வர வேண்டிய விஷயம்."

"அந்த முடிவுக்குத்தான் கேக்குறேன்."

"அப்போ ஓவன்ல வாட்டறதைப் பாத்துக்கற வாட்டல் பிரிவைக் கேளுங்க."

மறுபடி போல்கா. வாட்டல் பிரிவில் ஓர் ஆண் குரல் வந்தது. இறைச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று அது கேட்டது. கல்லாக இருக்கிறது என்றார் ஆர்வின்.

"அப்படின்னா அது எங்க பார்வையில இறைச்சியே இல்ல சார். அது ஒரு கட்டி. கட்டியைப் பத்தி நாங்க கருத்துச் சொன்னா இளக்கல் பிரிவு எங்க மேல வழக்குப் போடும். முன்னாடி ஒரு தடவை போட்டிருக்காங்க."

"அப்போ நான் யாரைத்தான் கேக்குறது?"

"இளக்கல் பிரிவை."

இரண்டு பக்கமும் அவர் நன்றி சொன்னார். அதுதான் எனக்கு ஆற்றாமை. போனைப் பிடுங்கி நாலு வார்த்தை நான் சொன்னேன். அந்த நாலு வார்த்தையின் பலன், மறுநாள் காலையில் ஆர்வின் வீட்டு வாசலில் வாரியத்தின் வண்டி வந்து நின்றது.

இறங்கியவர்கள் இரண்டு பேர். இளக்கல் பிரிவிலிருந்து டுவெய்ன் ஸ்காக்லண்ட். வாட்டல் பிரிவிலிருந்து மார்லிஸ் கெப்ஹார்ட் என்ற அம்மாள். ஒரு பிரிவு தனியாக வந்து ஏதாவது முடிவு செய்துவிடக் கூடாதே என்று இரண்டு பிரிவும் சேர்ந்தேதான் எங்கும் போகுமாம்.

ஆர்வின் காப்பி வேண்டுமா என்றார். எங்கள் ஊர் வழக்கப்படி இருவரும் வேண்டாம் என்றார்கள். அவர் மறுபடி கேட்டார், மறுபடி வேண்டாம் என்றார்கள். மூன்றாவது தடவை, உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால் அரைக் கோப்பை என்றார்கள். ஆளுக்கு மூன்று கோப்பை குடித்தார்கள். கூடவே வெர்னா கொடுத்தனுப்பிய லெஃப்ஸ ரொட்டி முழுவதும், வெண்ணெயும் சர்க்கரையும் தடவி, உள்ளே போயிற்று. ஓவனுக்குப் போகவேண்டிய வான்கோழி கராஜில் பொறுமையாகக் கிடந்தது.

கடைசியில் கராஜுக்குப் போனோம். கதவைத் திறந்ததும் மார்லிஸ் அம்மாள் சடாரென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"இளகாத இறைச்சியை எங்க பிரிவு பாக்கக் கூடாது. நீங்க பாருங்க டுவெய்ன், பாத்துச் சொல்லுங்க."

டுவெய்ன் கையுறையைக் கழற்றி, விரல் முட்டியால் வான்கோழியைத் தட்டினார். டொக் டொக் என்றது.

"என்ன தெரியுது?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார் மார்லிஸ்.

"வான்கோழி மாதிரி ஒண்ணு."

"மாதிரின்னா? உறுதியாச் சொல்ல முடியாதா?"

"உறுதியாச் சொன்னா அது உங்க பிரிவுக்கு வந்துடுமே."

ஆர்வின் இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஐயா, நாளைக்கு மத்தியானம் என் பொண்ணு வருது. நான் சமைச்சுப் போட்டாத்தான் இந்த வீட்டுல இருக்க முடியும். இதை ஓவன்ல வைக்கலாமா, கூடாதா? ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

டுவெய்னின் முகம் கனிந்தது. ஆர்வினின் தோளில் கைபோட்டார்.

"அருமையான கேள்வி கேட்டீங்க மிஸ்டர் ட்வேட். இதைக் கேக்கறதுக்கு நாலு பேர் இருக்கறதாலதான் எங்க வீட்டு அடுப்பும் எரியுது. இப்பேர்ப்பட்ட கேள்விக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்லி அதை அசிங்கப்படுத்த எனக்கு மனசு வரல."

"ஆமாம்," என்றார் மார்லிஸ் சுவரிடம். "பதில் சொல்றது ரொம்பச் சுலபம். அதனாலதான் நாங்க சொல்றதில்ல."

பிறகு டுவெய்ன் மஞ்சள் நாடாவை எடுத்து வான்கோழியைச் சுற்றி ஒட்டினார். விவகாரம் வாரியத்தின் முழு அமர்வுக்குப் போகிறது, நல்ல வேளையாக வாரியம் இந்தத் திருநாளில் எங்கள் வட்டாரத்தில்தான் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது, நாளை காலை நகர மன்றக் கூடத்தில் விசாரணை என்றார். அதுவரை தற்போதைய நிலை தொடரவேண்டும். இளக்கக் கூடாது, வாட்டக் கூடாது, நகர்த்தக் கூடாது.

"அப்போ நாளைக்கு எப்போ இதை ஓவன்ல வைக்கிறது?" என்றார் ஆர்வின்.

"அவசரப்படாதீங்க. உங்க கோழி நல்ல கைகள்ல இருக்கு."

சரி கிளம்புகிறோம் என்று தொடையைத் தட்டிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கிளம்புகிறேன் என்பது புதுப் பேச்சின் ஆரம்பம். வாசலில் நின்று குளிரைப் பற்றிப் பேசினார்கள், வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசினார்கள், வண்டிக் கண்ணாடியை இறக்கி மறுபடி குளிரைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் போனபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

"நாடாவைக் கிழிச்சுப் போட்டுட்டு ஓவனை மூட்டு," என்றேன் ஆர்வினிடம். "அவங்க வந்து என்னத்தைக் கிழிக்கப் போறாங்க?"

"தொடரணும்னு சொல்லியிருக்காங்களே லைல்."

"உன் வீடு போகுதுய்யா! அந்த மஞ்சள் நாடா பெருசா, வீடு பெருசா?"

 அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. ஊரிலுள்ள ஒரே கடையில் வேறு வான்கோழி கிடைக்குமா என்று போய்ப் பார்த்தேன். ஹாட் டாக் பாக்கெட்டுகள்தான் கிடைத்தன.

வியாழக்கிழமை காலை நகர மன்றக் கூடம் நிரம்பியிருந்தது. வாரியத்துக்குக் குளிர் ஆகாதென்று ஹீட்டரை முழு வேகத்தில் வைத்திருந்தார்கள். கோட்டைக் கழற்றியும் எனக்கு வியர்த்தது. மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதன்மேல் வாரியமே கராஜிலிருந்து தூக்கிவந்து வைத்த வான்கோழி, மஞ்சள் நாடாவோடு. பின்னால் வாரியத் தலைவர் டாக்டர் லின்ட்க்விஸ்ட் வீற்றிருந்தார். அவர் எதற்கு டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. ஆர்வினை முன்வரிசையில் ஒற்றை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். பெவர்லி வாங்கிக் கொடுத்த டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

தலைவர் எழுந்தார்.

"பெரியோர்களே, இறைச்சியை உறையவைக்கக் கத்துக்கிட்ட நாள்லேருந்து மனுஷன் கேட்டுக்கிட்டிருக்கற கேள்வி இது. ஐஸ் விடவெச்சு வாட்டணுமா, விடாம வாட்டணுமா? எங்களுக்கு முன்னால இந்த நாற்காலியில உக்காந்தவங்க இந்தக் கேள்வியை முழுசா எங்க கையில கொடுத்தாங்க. நானும் அதுக்கு ஒரு சேதாரமும் வராம அடுத்தவங்க கையில கொடுப்பேன்னு உறுதி சொல்றேன்."

கைதட்டல் பலமாக இருந்தது. பின்பு டுவெய்ன் பேசினார். ஐஸ் விடவைப்பதன் பெருமையைப் பேசினாரே தவிர, விடவைக்கச் சொல்லவில்லை. மார்லிஸ் வாட்டுவதன் பெருமையைப் பேசினார். மேசைக்கு முதுகைக் காட்டியபடிதான் பேசினார் என்பதால் அவர் சொன்னதில் பாதி கொடிக் கம்பத்துக்கே கேட்டிருக்கும். நடுவே காப்பி இடைவேளை விட்டார்கள். யாரும் முதல் இரண்டு தடவை வாங்கிக்கொள்ளாததால் இடைவேளையும் நீண்டது.

மத்தியானம் டெனீஸ் வந்தாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறாள், ஆளில்லை, ஓவன் சில்லென்று இருக்கிறது. வெர்னா சொல்லி இங்கே வந்திருக்கிறாள். கோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆர்வின் திரும்பிப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாகக் கையாட்டினார். விசாரணையில் இருப்பவர் கையாட்டக் கூடாது என்றார் தலைவர். கை கீழே இறங்கியது.

"லைல் அங்கிள், என்ன கூத்து இது?"

நான் முழுக்கதையையும் காதோடு சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. அப்பா தனியா சமாளிச்சுக்குவாரா? நீங்க சொன்னா நம்புவேன்."

"உங்கப்பாவை இவங்க விட்டிருந்தா இந்நேரம் வீடே மணத்திருக்கும்மா. உருளைக்கிழங்கெல்லாம் நேத்தே தோலுரிச்சு வெச்சிட்டார். கிரான்பெர்ரிப் பழத்தைக் கிண்டி வெச்சிருக்கார், நானே ருசி பாத்தேன். கொஞ்சம் இனிப்பு தூக்கல், மத்தபடி பெவர்லி பண்ண மாதிரியே இருந்துச்சு. அவரை வீட்லயே விட்டுடு. நாங்க இருக்கோம்."

அவள் கொஞ்ச நேரம் அப்பாவின் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி பாக்கலாம்," என்றாள். அவள் குரல் இளகிவிட்டது எனக்குத் தெரிந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த நேரத்தில்தான் மேசையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழ ஆரம்பித்தது. டுவெய்ன் ஓடிப்போய் வான்கோழியை விரலால் அழுத்தினார். விரல் கொஞ்சம் உள்ளே போயிற்று.

"இளகுது! மேல் பக்கம் இளகுது! உள்ள இன்னும் கல்லு!"

கூடம் எழுந்து நின்றது. மார்லிஸ் பாதி திரும்பினார், பாதிதான் திரும்ப அனுமதி இருந்தது. மேல் பக்கம் இறைச்சி, உள்பக்கம் கட்டி, ஆகவே மேல் பக்கம் தன் பிரிவுக்குச் சேரும் என்றார். தோலை மட்டும் பிரித்துக் கொடுக்க வாரியச் சட்டத்தில் இடமில்லை என்றார் டுவெய்ன். இருவரும் கத்தினார்கள். தலைவர் மேசையைத் தட்டினார்.

"அமைதி! காலையிலேருந்து இந்தச் சூட்டுல கிடந்த இறைச்சி கெட்டுப்போனதாத்தான் கணக்கு. யாரும் திங்கக் கூடாது. இதை வாரியம் அழிக்கும். உள்ள இருக்கற கட்டி மேல விசாரணை தொடரும்."

"அழிச்சுட்டு எதை விசாரிப்பீங்க?" என்று கத்தினேன். என்னை உட்காரச் சொன்னார்கள்.

டெனீஸ் எழுந்தாள். விறுவிறுவென்று நடந்து முன்வரிசைக்குப் போய், அப்பாவின் நாற்காலி முன்னால் குனிந்தாள். கூடம் அடங்கியது.

"அப்பா, இவங்க கிடக்கட்டும். வான்கோழி போனாப் போகட்டும், எனக்கு அதப் பத்திக் கவலையே இல்ல. வீட்டுல உருளைக்கிழங்கு இருக்கு. நீங்க சொல்லுங்க. இப்போ என்ன பண்ணலாம்? நீங்க என்ன சொல்றீங்களோ அதைச் செய்யலாம், வாங்க."

நான் மனசுக்குள் கத்தினேன். சொல்லு ஆர்வின். வீட்டுக்குப் போகலாம்னு சொல்லு. ஹாட் டாக் சுடலாம்னு சொல்லு. என்னத்தையாவது ஒண்ணைச் சொல்லித் தொலையேன்!

ஆர்வின் மகளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு அவர் கண் மெல்ல அவளைத் தாண்டி மேடைக்குப் போயிற்று.

"தலைவர் என்ன சொல்றாரோ அதும்மா," என்றார்.

கூடமே அதிர்ந்தது. அப்படி ஒரு கைதட்டலை அந்த ஊர் கேட்டதில்லை. டுவெய்னும் மார்லிஸும் கட்டிக்கொண்டார்கள். தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து ஆர்வினின் கையைப் பிடித்து உயர்த்தினார்.

"பாருங்க! நல்லாப் பாத்துக்குங்க! அடுப்பு அவரோடது, கோழி அவரோடது, பசி அவரோடது, பெத்த மகளே வந்து கேக்குறா. அப்பவும் சொந்தமா ஒரு முடிவு எடுக்கல! இத்தனை வருஷமா எங்க வாரியம் உருவாக்கப் பாடுபட்ட குடிமகன் இவர்தான். இனிமே இந்த மாநிலத்துல யார் போன் பண்ணாலும் மிஸ்டர் ட்வேட் மாதிரி இருங்கன்னுதான் சொல்லுவோம்."

டெனீஸ் கைதட்டவில்லை. குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் போய்ச் சண்டை போட்டு ஏதாவது பேசியிருப்பேன்.

அவள் அப்பாவை எழுப்பிக் கோட்டை மாட்டிவிட்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கழுத்துக் கம்பளியைச் சுற்றினாள். வழியெல்லாம் ஜனங்கள் அவருடைய முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னைக் கடக்கும்போது, "கேட்டியா லைல், தலைவரே சொன்னார்," என்றார்.

வாசலில் அவருடைய பிக்கப் வண்டியும் டெனீஸின் காரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. பிக்கப்பின் சாவி அவர் பைக்குள்தான் இருந்தது. ஆர்வின் இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் பனியில் நின்று மகளைப் பார்த்தார்.

"எதுலம்மா ஏறட்டும்?"

டெனீஸ் தன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் நன்றி சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.